பூஜ்ஜியம் தொலையாமல் எண்ணுவது எப்படி: வழிகளின் ஒப்பீடும் என் தேர்வும்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தொண்டு நிறுவனத்தின் மாலை வகுப்பு மையங்களுக்கு மாத அறிக்கை தயாரித்துக் கொடுத்தேன். மையத்தின் பெயர், அந்த மாதம் அங்கு நடந்த வகுப்புகளின் எண்ணிக்கை, அவ்வளவுதான் அறிக்கை. மையங்கள் மொத்தம் 41. தாளில் 38 பெயர்கள் இருந்தன. களப்பணியைக் கவனிக்கும் அம்மா ஒருவர் விரலை ஒவ்வொரு பெயராக நகர்த்திக்கொண்டே வந்து, கடைசி வரியில் நிறுத்தி, "வகுப்பே நடக்காத மையத்துக்குத்தான் தம்பி நான் முதலில் போக வேண்டும். அந்தப் பெயர்களைத்தானே காணவில்லை?" என்று கேட்டார்.

அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. தரவுத்தளத்திடம் எஸ்க்யூஎல் மொழியில் நான் எழுதிக் கேட்ட கேள்வி, அதாவது வினவல், எந்தப் பிழையும் காட்டவில்லை. அச்சான 38 எண்களும் சரியானவை. மையங்கள் அட்டவணையையும் வகுப்புகள் அட்டவணையையும் இரு பக்கமும் பொருந்தும் வரிசைகளை மட்டும் சேர்க்கும் சாதாரண இன்னர் ஜாயினால் இணைத்து, மையவாரியாகத் தொகுத்து எண்ணியிருந்தேன். வகுப்பு நடக்காத மையத்துக்கு மறுபக்கத்தில் இணை இல்லை. இணை இல்லாத வரிசையை அந்த ஜாயின், எண்ணும் கட்டம் வருவதற்கு முன்பே கழித்துவிடுகிறது. 0 என்று அச்சாக வேண்டிய இடத்தில் எதுவுமே அச்சாவதில்லை. எண் தவறாக இருந்தால் யாராவது பார்த்துக் கேட்பார்கள். வரிசையே இல்லாதபோது கேட்பதற்கு, முழுப் பட்டியலையும் மனத்தில் வைத்திருக்கும் ஒருவர் வேண்டும். அன்று அப்படி ஒருவர் எதிரில் இருந்தார்.

இதைச் சரிசெய்யப் பல வழிகள் உண்டு. எதைப் பின்பற்றினாலும் சரியான விடைக்குப் போய்ச் சேரலாம். ஆனால் ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்தில் காலை வாரும். எது எங்கே வாரும் என்று தெரிந்து தேர்ந்தெடுப்பதுதான் இங்கே முடிவு. யார் வேண்டுமானாலும் நிறுவிச் சரிபார்த்துக்கொள்ளும்படி, 'சகிலா' மாதிரித் தரவுத்தளத்தையே எடுத்துக்கொள்கிறேன். மைஎஸ்க்யூஎல் என்னும் தரவுத்தள மென்பொருளின் ஆவணக் குழுவில் இருந்த மைக் ஹில்லியர் உருவாக்கியது அது. கனடாவின் லெத்பிரிட்ஜில் ஒன்று, ஆஸ்திரேலியாவின் உட்ரிட்ஜில் ஒன்று என இரண்டு கிளைகள் கொண்ட ஒரு டிவிடி வாடகைக் கடையின் கணக்கு. ஃபிலிம் அட்டவணையில் 1000 படங்கள், இன்வென்டரி அட்டவணையில் 4,581 டிவிடி பிரதிகள், ரென்டல் அட்டவணையில் 16,044 வாடகைப் பதிவுகள்.

ஒவ்வொரு படத்துக்கும் எத்தனை பிரதிகள் இருக்கின்றன? இன்னர் ஜாயின் போட்டு எண்ணினால் 958 வரிசைகள் வரும். மீதி 42 படங்களுக்குக் கடையில் ஒரு பிரதிகூட இல்லை. 'ஆலிஸ் ஃபேன்டேசியா' அவற்றில் ஒன்று. புதிதாக என்ன வாங்கலாம் என்று கடைக்காரர் பார்க்க உட்கார்ந்தால் அவருக்குத் தேவையான பட்டியலே அந்த 42தான். வரிசைகள் தொலைந்தால் சராசரியும் கெடும். 4,581ஐ 958ஆல் வகுத்தால் படத்துக்கு 4.78 பிரதிகள், 1000ஆல் வகுத்தால் 4.58.

லெஃப்ட் ஜாயின்: எல்லாரும் முதலில் எடுப்பது

முழுமையாக வர வேண்டிய அட்டவணையை இடப்பக்கம் வைத்து, எண்ண வேண்டியதை லெஃப்ட் ஜாயினால் இணைத்து, குரூப் பை போட்டுத் தொகுப்பது. இடப்பக்க வரிசை எதுவும் விழாது. இணை கிடைக்காத இடத்தில் வலப்பக்கத்து நெடுவரிசைகள் எல்லாம் 'நல்' என்னும் வெற்று மதிப்போடு நிற்கும். சுருக்கமான வழி, வாசிப்பவருக்கும் உடனே புரியும். ஆனால் பூஜ்ஜியத்தைக் காப்பாற்ற வந்த இந்த வழியிலேயே பூஜ்ஜியத்தைத் தொலைக்க மூன்று பள்ளங்கள் இருக்கின்றன.

முதலாவது, எதை எண்ணுகிறோம் என்பது. சகிலாவில் மொழிகளுக்கு ஓர் அட்டவணை உண்டு: ஆங்கிலம், இத்தாலியம், ஜப்பானியம், மாண்டரின், பிரெஞ்சு, ஜெர்மன் என ஆறு. படங்கள் ஆயிரமும் ஆங்கிலம். மொழிவாரியாக லெஃப்ட் ஜாயின் போட்டு கவுண்ட்(*) என்று எண்ணினால் ஆங்கிலத்துக்கு 1000 வரும். மற்ற ஐந்துக்கும் தலா 1 வரும்! நட்சத்திரம் வரிசைகளை எண்ணுகிறது. இணை கிடைக்காத ஜெர்மனும் வெற்று மதிப்புகளோடு ஒரு வரிசையாக நிற்கிறது அல்லவா, அதையும் சேர்த்துக்கொள்கிறது. கூட்டிப் பார்த்தால் 1,005 படங்கள். கவுண்ட்(ஃபிலிம்_ஐடி) என்று நெடுவரிசையின் பெயரைக் கொடுத்தால் வெற்று மதிப்பைத் தள்ளிவிட்டு எண்ணும், 0 சரியாக வரும். இன்னர் ஜாயினில் வரிசை காணாமல் போனதைவிட இந்தப் பொய்யான 1 எனக்குப் பெரிய கவலை தருகிறது. காணாமல் போனதை ஒருவர் தேடக்கூடும். 1 என்று இருப்பதை யாரும் தேட மாட்டார்கள்.

பெயர் கொடுத்தால் மட்டும் போதாது, எந்த நெடுவரிசை என்பதும் முக்கியம். ரென்டலில் திருப்பிக் கொடுத்த தேதி இன்னும் பதியாத வரிசைகள் 183 உள்ளன. கவுண்ட்(ரிட்டர்ன்_டேட்) என்று எழுதினால் 16,044க்குப் பதில் 15,861தான் வரும். வலப்பக்க அட்டவணையின் முதன்மைச் சாவியை, அதாவது ஒவ்வொரு வரிசைக்கும் உரிய தனி அடையாள எண்ணை, எண்ணுங்கள். இணை கிடைத்த வரிசையில் அது ஒருபோதும் வெற்றாக இருக்காது.

மூன்றாவது பள்ளத்தில்தான் அனுபவசாலிகளும் விழுகிறார்கள். இரண்டாவது கிளையில் மட்டும் ஒவ்வொரு படத்துக்கும் எத்தனை பிரதிகள் என்று வேண்டும். லெஃப்ட் ஜாயின் எழுதிவிட்டு, கீழே 'வேர்' (where) பகுதியில் கிளை எண் 2 என்று நிபந்தனை போட்டால் 762 படங்கள்தான் வரும். வெற்று மதிப்பு 2க்குச் சமம் ஆகாது என்பதால், ஜாயின் பாடுபட்டுக் காப்பாற்றிய வரிசைகளை நிபந்தனை வெளியே தள்ளிவிடுகிறது. எழுதியது லெஃப்ட் ஜாயின், நடந்தது இன்னர் ஜாயின். அதே நிபந்தனையை 'ஆன்' (on) பகுதிக்கு, அதாவது இணைப்பு விதியோடு, நகர்த்தினால் 1000 வரிசைகளும் வந்துவிடும். தேதி வரம்பு, நிலை, ரத்து ஆகாதவை என்று வலப்பக்கத்தைப் பற்றிய எந்த நிபந்தனைக்கும் இதே விதிதான். பிறர் எழுதிய வினவலைச் சரிபார்க்கும்போது நான் முதலில் கண் வைக்கும் இடம் இது.

இந்த மூன்றையும் தாண்டிவிட்டால், ஒரே ஓர் அட்டவணையை எண்ணுவதற்கு லெஃப்ட் ஜாயினுக்கு மேல் எதுவும் வேண்டாம். இரண்டாவது அட்டவணை நுழையும்போதுதான் கதை மாறுகிறது.

'அகாடமி டைனோசர்' என்ற படத்தைப் பாருங்கள். அதற்கு 8 பிரதிகள், 10 நடிகர்கள். படத்தோடு இரண்டையும் லெஃப்ட் ஜாயினால் இணைத்து இரண்டையும் எண்ணினால் பிரதிகள் 80, நடிகர்கள் 80 என்று வரும். ஒவ்வொரு பிரதியும் ஒவ்வொரு நடிகரோடும் ஒரு வரிசையாகப் பெருகியிருக்கிறது. எண்ணும் இடத்தில், ஒரே மதிப்பை ஒருமுறை மட்டும் எண்ணச் சொல்லும் டிஸ்டிங்ட் சேர்த்தால் 8, 10 என்று திரும்பிவிடும். பலர் அத்தோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு அது உடன்பாடில்லை. பெருகிய வரிசைகள் உள்ளே இன்னமும் உருவாகிக்கொண்டுதான் இருக்கின்றன, நேரம் செலவாகிறது. அதைவிட முக்கியமானது: நாளை யாராவது அதே வினவலில் கட்டணத்தைக் கூட்டினால் டிஸ்டிங்ட் காப்பாற்றாது. கூட்டித் தரும் சம் என்ற செயற்கூற்றோடு சேர்த்து சம்(டிஸ்டிங்ட்) என்று எழுதினால் ஒரே தொகை கொண்ட இரண்டு கட்டணங்களை ஒன்றாக்கிவிடும். பைத்தானில் இணையத்தளங்கள் கட்ட உதவும் ஜாங்கோவில் இரண்டு எண்ணிக்கைகளை ஒரே வினவலில் சேர்க்கும்போதும் இதே பெருக்கம் நிகழும். அதன் ஆவணமே இதைப் பற்றி எச்சரிக்கிறது.

உள்வினவல்: ஒவ்வொரு வரிசைக்கும் தனிக் கேள்வி

இரண்டாவது வழியில் ஜாயினே கிடையாது. படங்களை அப்படியே தேர்ந்தெடுத்து, தேர்வுப் பட்டியலுக்குள்ளேயே அடைப்புக்குறிக்குள் ஒரு சிறு வினவலை வைக்கிறோம்: இந்தப் படத்தின் பிரதிகளை எண்ணு. இன்னொரு அடைப்புக்குறி: இந்தப் படத்தின் நடிகர்களை எண்ணு. ஒன்றோடொன்று கலக்காததால் 80 வருவதற்கு வழியே இல்லை.

இதில் எனக்குப் பிடித்தது, பூஜ்ஜியம் இயல்பாகவே வருவது. குரூப் பை இல்லாத கவுண்ட், எண்ண எதுவுமே இல்லாவிட்டாலும் ஒரு வரிசை தரும். அதில் 0 இருக்கும். நட்சத்திரம் போட்டாலும் தவறில்லை, ஏனென்றால் இங்கே போலி வரிசை எதுவும் நிற்பதில்லை. ஆனால் பழக்கத்தில் உள்வினவலுக்குள் ஒரு குரூப் பை எழுதிவிட்டால் எல்லாம் தலைகீழ். தொகுக்க எதுவும் இல்லாதபோது குரூப் பை ஒரு வரிசையும் தராது, 0 வர வேண்டிய இடம் வெற்று மதிப்பாகிவிடும். கவுண்ட்டுக்குப் பதில் சம் எழுதினாலும் அப்படித்தான். ஒன்றுமில்லாததன் கூட்டுத்தொகையை எஸ்க்யூஎல் 0 என்று சொல்லாது, வெற்று மதிப்பு என்றே சொல்லும். அதைக் கோயலெஸ் என்ற செயற்கூறு கொண்டு 0 ஆக்க வேண்டும்.

குறை வேகத்தில் இருக்கிறது. இன்னொரு தரவுத்தள மென்பொருளான போஸ்ட்கிரெஸ்க்யூஎல் இத்தகைய உள்வினவலை வெளி வரிசை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஓட்டும். திரையில் இருபது படங்கள் காட்டும் பக்கத்துக்கு அது பொருட்டே இல்லை. பத்து லட்சம் வாடிக்கையாளர்களின் ஆண்டறிக்கைக்குப் பத்து லட்சம் முறை ஓடும். இணைக்கும் நெடுவரிசையில் இண்டெக்ஸ், அதாவது விரைவாகத் தேட உதவும் அகரவரிசை போன்ற ஏற்பாடு, இல்லையென்றால் அந்தப் பத்து லட்சம் முறையும் முழு அட்டவணையையும் படிக்க நேரும். மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்புப் பொறியான இன்னோடிபி, அயற்சாவிக்கு (வேறொரு அட்டவணையின் வரிசையைச் சுட்டும் நெடுவரிசைக்கு) தானாகவே இண்டெக்ஸ் போட்டுக்கொள்ளும். போஸ்ட்கிரெஸ்க்யூஎல் போடாது, நாம்தான் போட வேண்டும். அங்கிருந்து இங்கு மாறி வந்தவர்கள் இதைத் தெரிந்துகொள்ளும் நாள் பெரும்பாலும் நல்ல நாளாக இருப்பதில்லை.

இந்த வழியின் நெருங்கிய உறவு 'லேட்டரல்' ஜாயின். ஒரே உள்வினவலிலிருந்து எண்ணிக்கை, கடைசித் தேதி, கூட்டுத்தொகை என்று பல மதிப்புகள் வேண்டும்போது அதுதான் கைகொடுக்கும். போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லில் 2013இல் 9.3 பதிப்போடு வந்தது. மைக்ரோசாஃப்ட்டின் எஸ்க்யூஎல் சர்வரில் 'அவுட்டர் அப்ளை' என்ற பெயரில் 2005 முதலே இருக்கிறது.

முதலில் தொகு, பிறகு இணை

நான் இப்போது பெரும்பாலும் கையாளும் வழி இது. இன்வென்டரியை முதலில் தனியாகப் படவாரியாகத் தொகுத்துவிட வேண்டும்: 958 வரிசைகள், படத்துக்கு ஒன்று. எந்தப் படத்தில் எந்த நடிகர் என்று சொல்லும் அட்டவணையையும் அதேபோல் தனியாகத் தொகுக்க வேண்டும். சகிலாவில் மூன்று படங்களுக்கு நடிகர் யாருமே பதியப்படவில்லை, ஆகவே 997 வரிசைகள். பிறகு 1000 படங்களை இடப்பக்கம் வைத்து, இந்தச் சுருங்கிய இரண்டு பட்டியல்களையும் லெஃப்ட் ஜாயினால் ஒட்டுகிறோம். ஒவ்வொரு பக்கத்திலும் படத்துக்கு அதிகபட்சம் ஒரு வரிசைதான் இருப்பதால் எதுவும் பெருக முடியாது. 1000 உள்ளே போகிறது, 1000 வெளியே வருகிறது. எண்ணிக்கை கிடைக்காத இடங்களில் கோயலெஸ் 0 போட்டுவிடும்.

வேறு வழிகளைவிட இதில் நாலைந்து வரிகள் கூடுதலாக எழுத வேண்டும். அந்த வரிகளுக்கு ஈடாகக் கிடைப்பது பெரிது. ஒவ்வொரு துண்டையும் தனியாக ஓட்டிச் சரிபார்க்கலாம். மூன்றாவது, நான்காவது எண்ணிக்கை சேர்த்தாலும் முந்தையவை கெடாது. வலப்பக்க நிபந்தனை தொகுக்கும் துண்டுக்குள்ளேயே போய்விடுவதால், முன்பு சொன்ன 'வேர்', 'ஆன்' குழப்பத்துக்கும் இடமில்லை. பொய்யான 1 வராது. ஏனென்றால் எண்ணி முடித்த பிறகுதான் இணைக்கிறோம்.

தொடர்ச்சியாகக் கோத்த அட்டவணைகளிலும் இதன் அருமை தெரியும். படத்திலிருந்து பிரதிக்கும் பிரதியிலிருந்து வாடகைக்கும் லெஃப்ட் ஜாயினாகப் போனால், அகாடமி டைனோசருக்கு 24 வரிசைகள் கிடைக்கும். வாடகைப் பதிவுகள் 23. அந்த இருபத்து நான்காவது எது? இன்வென்டரியில் 5ஆம் எண் கொண்ட பிரதி. 4,581 பிரதிகளில் ஒருமுறைகூட வாடகைக்குப் போகாதது அது ஒன்றுதான். இன்னர் ஜாயினில் அந்தப் பிரதி கடையிலேயே இல்லாததுபோல் ஆகிவிடும். லெஃப்ட் ஜாயினில் நட்சத்திரம் போட்டால் வாடகை 24 என்று ஆகிவிடும். வாடகையைப் பிரதிவாரியாக முதலில் தொகுத்துவிட்டு இணைத்தால் எட்டு வரிசைகள் வரும். ஏழில் எண்கள், ஐந்தாம் பிரதிக்கு நேரே 0.

இந்த வழி சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பெயரைத் தேடி ஒரே ஒரு படத்தைக் காட்டும் பக்கத்துக்கு இதை எழுதினால், அந்த ஒரு படத்துக்காக முழு இன்வென்டரியும் தொகுக்கப்பட நேரலாம். அங்கே உள்வினவலோ லேட்டரலோதான் பொருத்தம். துண்டுகளை 'வித்' (with) கொண்டு, அதாவது வினவலின் தொடக்கத்தில் பெயரிட்டுத் தனியாக, எழுதுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லின் 12ஆம் பதிப்புக்கு முன்பு, அதாவது 2019க்கு முன்பு, 'வித்' துண்டு எப்போதும் தனியாகவே கணக்கிடப்பட்டது. வெளியே இருக்கும் நிபந்தனை உள்ளே இறங்காது. பழைய சர்வரில் வேலை செய்பவர்களுக்கு இது இன்றும் பொருந்தும்.

இடப்பக்கம் வைக்க அட்டவணையே இல்லாதபோது

மேலே சொன்ன எல்லா வழிகளுக்கும் ஒரு முன்நிபந்தனை உண்டு. முழுப் பட்டியல் எங்காவது ஓர் அட்டவணையில் இருக்க வேண்டும். மாதவாரிக் கணக்கில் அது இருப்பதில்லை. சகிலாவின் வாடகைகளை மாதவாரியாக எண்ணுங்கள்: 2005 மே 1,156, ஜூன் 2,311, ஜூலை 6,709, ஆகஸ்ட் 5,686, அடுத்த வரிசை 2006 பிப்ரவரி 182. செப்டம்பர் முதல் ஜனவரி வரை ஐந்து மாதங்களை எந்த லெஃப்ட் ஜாயினும் கொண்டுவராது, ஏனென்றால் அந்த மாதங்கள் எந்த அட்டவணையிலும் இல்லை. இதை வரைபடமாக்கினால் ஆகஸ்டும் பிப்ரவரியும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும். மாதச் சராசரி 3,208.8 என்று வரும். பத்து மாதங்களுக்கும் வகுத்தால் 1,604.4. சரிபாதி!

ஆகவே மாதப் பட்டியலை நாமே உண்டாக்க வேண்டும். போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லில் 'ஜெனரேட் சீரிஸ்' ஒரே வரியில் தந்துவிடும். எஸ்க்யூஎல் சர்வருக்கு அது 2022 பதிப்பில் வந்தது. மைஎஸ்க்யூஎல்லில் 8.0 முதல் தன்னைத்தானே அழைக்கும் 'வித்' கொண்டு உண்டாக்கலாம். நான் பரிந்துரைப்பது இவை எதையும் அல்ல. தேதி ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை கொண்ட நிலையான நாட்காட்டி அட்டவணை ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். முப்பது ஆண்டுகளுக்குப் பதினோராயிரம் வரிசைகளைத் தாண்டாது. விடுமுறை நாள், நிதியாண்டு, காலாண்டு எல்லாவற்றையும் அதிலேயே எழுதிவைக்கலாம். இணைக்கும்போது மாதத்தின் முதல் நாளும் அதற்கு மேலும், அடுத்த மாதத்தின் முதல் நாளுக்குக் கீழ் என்று வரம்பு கொடுங்கள். கடைசி நாளின் மாலை நேரப் பதிவுகள் அப்போதுதான் விடுபடாது.

கிளைவாரியாகவும் மாதவாரியாகவும் வேண்டுமென்றால் இரண்டு கிளைகளையும் பத்து மாதங்களையும் கிராஸ் ஜாயினால் பெருக்கி 20 வரிசைகளை முதலில் நிறுத்திவிட்டு, பிறகு லெஃப்ட் ஜாயின். பெருக்கம் தொல்லை தராமல் உதவிக்கு வரும் இடம் இது ஒன்று. ஆரக்கிள் தரவுத்தளத்தில் இதற்கென்றே பகுத்து இணைக்கும் வெளி ஜாயின் (லெஃப்ட் ஜாயினும் வெளி ஜாயினில் ஒரு வகைதான்) ஒன்று 10ஜி பதிப்புக் காலத்திலிருந்தே இருக்கிறது.

நிரல்மொழிப் பக்கத்தில் நிரப்புவதும் ஒரு வழிதான். பைத்தானின் தரவு நூலகமான பாண்டாஸில் முழுப் பட்டியலைக் கொடுத்து, இல்லாததை 0ஆல் நிரப்பச் சொல்லிவிடலாம். பட்டியல் தரவுத்தளத்துக்கு வெளியே, ஒரு கோப்பில் இருந்தால் நானும் அதைத்தான் செய்வேன். மற்றபடி, அதே வினவலை நாளை இன்னொருவர் வேறு நிரலில் எடுத்துப் பயன்படுத்தும்போது பூஜ்ஜியங்கள் மறுபடி தொலைந்துவிடும். ஃபிலிம் அட்டவணையிலேயே பிரதி எண்ணிக்கையை எழுதிவைத்து, தரவு மாறும்போதெல்லாம் தானாக ஓடும் ட்ரிகர் கொண்டு பராமரிக்கும் வழியும் உண்டு. படிக்க மிக வேகம். ஆனால் ட்ரிகரைத் தாண்டி யாராவது மொத்தமாகத் தரவை ஏற்றினால் எண்ணிக்கை உண்மையிலிருந்து விலகிவிடும், அது விலகியதை எதுவும் சொல்லாது. நொடிக்கு ஆயிரம் முறை படிக்கப்படும் எண்ணாக இருந்தால் ஒழிய நான் அந்தப் பக்கம் போவதில்லை. எண்ணிக்கை உள்ளவற்றையும் இல்லாதவற்றையும் இரண்டு வினவலாக எழுதி யூனியனால் சேர்ப்பது, வெளி ஜாயின் எஸ்க்யூஎல்லின் 1992 தரநிலையில் இடம்பெறுவதற்கு முந்தைய காலத்துப் பழக்கம். பழைய நிரலில் கண்டால் புரிந்துகொள்ளுங்கள், புதிதாக எழுத வேண்டாம்.

எந்தப் பூஜ்ஜியம்?

கோயலெஸ் எழுதக் கை போகும்போது ஒரு நொடி நிறுத்தச் சொல்வேன். சகிலாவின் அந்த 182 பிப்ரவரிப் பதிவுகளும் 14ஆம் தேதி என்ற ஒரே நாளைச் சேர்ந்தவை. இடையே உள்ள ஐந்து மாதங்களில் கடைக்கு யாரும் வரவில்லையா, அல்லது யாரும் பதியவில்லையா? எண்ணிக்கை 0 என்பது முதல் பொருளைத்தான் சொல்கிறது. இரண்டாவதை 0 என்று எழுதினால் தெரியாததைத் தெரிந்ததாக எழுதியதாகிவிடும். இந்த வேறுபாட்டை எந்த ஜாயினாலும் கண்டுபிடிக்க முடியாது; அதற்கு வேறொரு தகவல் வேண்டும்.

மாலை வகுப்பு அறிக்கைக்குத் திரும்பி வந்தபோது அந்தத் தகவலுக்காகத் தனியாக ஓர் அட்டவணை சேர்த்தேன்: எந்த மையம், எந்த மாதத்தின் பதிவேட்டை, எந்தத் தேதியில் அனுப்பியது. மையங்களை இடப்பக்கம் வைத்து, தொகுத்த வகுப்புகளை ஒரு லெஃப்ட் ஜாயினாலும் பதிவேட்டு வரவை இன்னொரு லெஃப்ட் ஜாயினாலும் ஒட்டினேன். பதிவேடு வந்திருந்தால் மட்டும் 0, வராவிட்டால் ஒரு கோடு. அடுத்த மாதம் தாளில் 41 பெயர்கள் இருந்தன. இரண்டு மையங்களுக்கு நேரே 0, ஒன்றுக்கு நேரே கோடு. அந்த அம்மா விரலைப் பழையபடி நகர்த்திக்கொண்டே வந்து, இரண்டு பூஜ்ஜியங்களையும் பேனாவால் வட்டமிட்டுவிட்டு, கோடு போட்ட மையத்துக்கு அங்கேயே தொலைபேசியில் பேசத் தொடங்கினார்.